மன்னிக்க ஓர் ஆள் தேவை

“நீ எடுக்கலைன்னா நான் உன்னை எப்படிடா மன்னிக்கறது?”

“மன்னிக்க வேண்டாம் சார். எடுக்கலைன்னு நம்பினாப் போதும்.”

“நம்பறது வேற சப்ஜெக்ட். அது நான் எடுக்கறதில்லை. மன்னிப்புதான் என் சப்ஜெக்ட். அதுக்கு முதல்ல ஒரு குத்தம் வேணும். அப்புறம் அதைப் பண்ணின ஒருத்தன் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் நிக்காது.”

“அப்ப வேற யாரையாவது…”

“வேற யாரு இருக்கா? நீயே சொல்லு. பாகீரதியா? அவளுக்கு மெடலுக்கும் சாம்பார் மூடிக்கும் வித்தியாசம் தெரியாது.”

சமையலறையில் வீட்டு வேலைக்கு வரும் பாகீரதியின் கரண்டி தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

பேசிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தாத்தா காலத்திலிருந்து காலி செய்யாத வீட்டில் இருப்பவர். எதிரே நின்றவன் அவருடைய ஆய்வு உதவியாளன் ஜெயந்த். அவன் நின்றதற்குக் காரணம் மரியாதை அல்ல. அந்த அறையில் எல்லா நாற்காலிகளிலும் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. 

நடந்தது இதுதான். பேராசிரியர் இளமையில் தர்க்கத்துக்காக வாங்கிய தங்கப் பதக்கம் அலமாரியில் இல்லை. துர்கா பூஜைக்கு முன்பு இருந்தது, தீபாவளிக்குப் பிறகு இல்லை. வீட்டுக்குள் வந்துபோகிறவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகக் கழித்து, கடைசியில் மிஞ்சிய ஜெயந்தின் பெயரைப் போட்டு அவர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். கழித்தல் முறை நாற்பது வருடங்களாக அவர் நடத்திய பாடம். அதில் தப்பு வராது.

ஜெயந்துக்குப் பின்லாந்தில் முனைவர் பட்ட இடம் கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை புகாரின் மேல் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஜனவரிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. இப்போது நவம்பர் முடியப்போகிறது.

“சனிக்கிழமை வட்டத்துல உட்காரு. எடுத்தேன்னு சொல்லு. நான் மன்னிக்கறேன். அங்கேயே எல்லார் முன்னாடியும் புகாரை வாபஸ் வாங்கிண்டுடறேன். நீ பாட்டுக்குப் பனியைப் பார்க்கப் போ,” என்றார் பேராசிரியர். அவர் குரலில் அப்பழுக்கில்லாத கருணை இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள் மதுவந்தி மடிக்கணினியை மூடினாள். டாலிகஞ்ச் ஸ்டூடியோ ஒன்றில் வங்காளி சீரியல்களுக்கு சப்டைட்டில் எழுதுவது அவள் வேலை. மாமியார் விஷம் வைக்கும்போது திரையின் அடியில் என்ன வரி ஓட வேண்டும் என்று நாள் முழுவதும் யோசித்து, வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடாமல், பேசுகிறவர்களின் முகத்துக்குக் கீழே அவளுக்கு வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவின் முகத்துக்குக் கீழே அப்போது ஓடிய வரி: ‘தயவுசெய்து திருடனாக இரு.’

வெங்கடசுப்ரமணியன் குற்றவாளியைத் தேடி அலையும் நிலைக்கு வந்தது ஒரு நாளில் நடந்ததல்ல. படிப்படியாக, நான்கு துறைகளைத் தாண்டி வந்தார்.

தொடக்கம் தர்க்கம். ‘மழை பெய்தால் தெரு நனையும்’ என்ற வாக்கியத்தைப் பற்றி நானூறு பக்க ஆய்வேடு எழுதினார். அந்தப் பதக்கம் அதற்காகக் கிடைத்ததுதான். கொல்கத்தாவில் மழை பெய்தால் தெரு நனைவதில்லை, மூழ்குகிறது என்ற விஷயம் அந்த நானூறு பக்கங்களில் எங்கும் வரவில்லை. அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போன அன்றுகூட முழங்கால் தண்ணீரில்தான் போனார். அதை ஒரு விதிவிலக்கு என்று எடுத்துக்கொண்டார்.

தர்க்க வகுப்புக்கு மாணவர்கள் வருவது குறைந்து, கடைசியில் மின்விசிறிக்கு மட்டும் பாடம் நடத்தும் நிலை வந்தபோது அறவியல் அவரை அழைத்தது. வங்கிகளும் கம்பெனிகளும் தங்கள் அதிகாரிகளுக்கு நேர்மை கற்றுக்கொடுக்க, மதியச் சாப்பாட்டோடு ஆள் தேடிக்கொண்டிருந்தன. பேராசிரியர் திரையில் ஒரு டிராம் படத்தைப் போடுவார். டிராம் தறிகெட்டு வருகிறது, இந்தத் தண்டவாளத்தில் ஐந்து பேர், அந்தத் தண்டவாளத்தில் ஒருவர், நீங்கள் யாரைக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்பார். “எந்த ரூட் தாதா?” என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் ஒரு வங்கி மேலாளர். “நம்ம ஊர் டிராமா இருந்தா ஆறு பேரும் எழுந்து, டீ குடிச்சிட்டு, அப்புறமா நகர்ந்துக்கலாமே.” அரங்கம் முழுவதும் அரை மணி நேரம் மூடப்பட்ட டிராம் பாதைகளைப் பற்றி உருக்கமாகப் பேசியது. அறம் பற்றிப் பேச நேரம் இல்லாமல் போய், சாப்பாடு வந்துவிட்டது.

அதன் பிறகு மனநல சிகிச்சை. கரியாஹாட்டில் ஒரு அறை எடுத்து, தத்துவத்தின் மூலம் மனக்காயங்களை ஆற்றுவதாக வாசலில் பலகை மாட்டினார். ஓர் அம்மாள் வந்து, என்னை யாருக்குமே பிடிக்கவில்லை என்று அழுதாள். சிலரிடமிருந்து எல்லோருக்கும் தாவுவது பிழை என்று அவளுக்கு விளக்கினார். பிடிக்காதவர்களை எண்ணச் சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணினாள். எண்ண எண்ண அழுகை அதிகமாயிற்று. அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் இரண்டாம் முறையும் வந்தவர் ஒரே ஒருவர். அவர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவர்.

இப்படி ஒவ்வொரு துறையாக நனைந்துகொண்டே வந்தவர் கடைசியில் குற்றவியல் நீதியில் ஒதுங்கினார். கைதிகளுக்குச் சொற்பொழிவாற்ற ஒரு சிறைக்கு அழைத்துப் போனார்கள். சிறை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆசிரியராக இருந்த இத்தனை வருடங்களில் முதல்முறையாக, பாதி வகுப்பில் யாரும் எழுந்து போகவில்லை.

அங்கே பிறந்ததுதான் ‘மன்னிப்பு வட்டம்’. குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து பேச வேண்டும். முதலில் ஒப்புக்கொள்ளல், பிறகு அழுகை, பிறகு மன்னிப்பு, பிறகு தேநீர். இந்த வரிசை மாறக் கூடாது. மூன்று கட்டுரைகளிலும் ஒரு புத்தகத்திலும் பேராசிரியர் இதை நிறுவியிருந்தார். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று ஆர்வம் காட்டி, நேரில் வட்டத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள மூன்று விருந்தினர்களை அனுப்புவதாக எழுதியது. விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

அப்போதுதான் கைதிகள் மறுத்தார்கள். ஆயுள் தண்டனைக் கைதி ஒருவர் சிறை அதிகாரியிடம் கைகூப்பி, “தண்டனையை வேணும்னா கூட்டிக்குங்க பாபு, அந்த நாற்காலியில மட்டும் மறுபடி உட்கார வைக்காதீங்க” என்று கேட்டுக்கொண்டதாகக் கேள்வி. அனுமதி ரத்தாயிற்று.

வட்டம் தயார். மன்னிப்பு தயார். தேநீர்கூடத் தயார். குற்றவாளிதான் கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் அலமாரியில் பதக்கம் இல்லை என்பதைப் பேராசிரியர் கண்டார். கண்டதும் அவர் முகம் வாடியது என்று சொன்னால் அது பொய். நாகலக்ஷ்மி, அவர் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துவருகிறவள். பெண் பிறந்தது என்று நர்ஸ் வந்து சொன்ன அன்றுகூட அது இவ்வளவு மலர்ந்ததில்லை என்று அவள் பாகீரதியிடம் சொன்னாள்.

*

மதுவந்தி ஜெயந்தோடு காளிகாட் மெட்ரோ வரைக்கும் நடந்தாள். பூக்கடைகளைத் தாண்டியதும் கேட்டாள்.

“ஜெயந்த்-தா, நீ நிஜமாவே சொல்லப்போறியா?”

அண்ணன் முறைக்கு வங்காளிகள் சேர்க்கும் ‘தா’வை அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லார் பெயரோடும் சேர்த்துத்தான் பேசுவாள். தமிழில் பேசும்போதும் அது உதிர்வதில்லை.

“சொல்லிட்டா என்ன மது? ஒரே ஒரு மணி நேரம் திருடன். அப்புறம் பின்லாந்து.”

“வீடியோ எடுக்கறா. நெட்ல போடுவா.”

“முகத்தை மறைச்சிருவாங்களாம். சார் சொன்னாரு.”

“பேரை?”

“பேர் அடிக்குறிப்புல வருமாம். ஆராய்ச்சி நேர்மைக்காக.”

அவள் நின்றுவிட்டாள். அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டுக்கு மேலே ஏறவில்லை.

“உங்க வீட்ல என்ன சொல்றாங்க?”

“எங்கப்பா போய்ச் சொல்லிட்டு வாடாங்கறாரு. அவரு ஹவுரா ஒர்க்‌ஷாப்ல செய்யாத தப்புக்கு ரெண்டு சார்ஜ்ஷீட் வாங்கினவரு. ஒண்ணுக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தாராம், அடுத்த மாசமே ப்ரமோஷனாம். ‘ரயில்வேல இதெல்லாம் சகஜம், உங்க தத்துவத்துலயும் இருக்கும்போல’ன்னாரு.”

“அம்மா?”

“அம்மா பேசறதில்ல.” தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “போலீஸ்காரன் குவார்ட்டர்ஸ் வாசல்ல வந்து என் பேரைச் சொல்லிக் கேட்டான்ல, அன்னைலேர்ந்து. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. அம்மா கதவைச் சாத்திட்டு, ‘நீ எடுத்தியா’ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. இல்லைன்னேன். நம்பினாங்க. இப்ப நான் போய் எடுத்தேன்னு சொல்லப்போறேன்னதும் பேச்சை நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு இந்த லாஜிக் புரியல.”

“எனக்கும்தான் புரியல.”

“உங்கப்பாகிட்ட படிச்சிருந்தா புரியும்.”

மெட்ரோவின் படிகளில் இறங்குமுன் அவன் திரும்பி, “உன்னால சார்கிட்ட ஒரு தடவை…” என்று ஆரம்பித்து, வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு இறங்கிப்போனான். அவன் தலை கூட்டத்தில் மறைந்த பிறகும் அவன் கை மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் வேண்டாம் வேண்டாம் என்று ஆடிக்கொண்டிருந்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவிடம் பேசிப் பார்த்தாள். புகாரைச் சும்மா வாபஸ் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றாள். பேராசிரியர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, “வாபஸ் வாங்கறது நிர்வாக நடவடிக்கை. மன்னிப்பு மனசோட நடவடிக்கை. நான் அவனுக்குப் பெரிசைத் தரேன்ங்கறேன், நீ சின்னதைக் கொடுங்கறே,” என்றார்.

*

வியாழக்கிழமை ஒத்திகை.

கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளிலிருந்து புத்தகங்களை இறக்கி, வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஜெயந்துக்கு முதல்முறையாக அந்த வீட்டில் உட்கார இடம் கிடைத்தது.

“நான்தான் எடுத்தேன் சார்,” என்றான்.

“ம். ஏன் எடுத்தே?”

“அது… யோசிக்கலியே சார்.”

“காரணம் இல்லாத குத்தத்தை எப்படி ஆத்தறது? உன் பால்யத்துலேர்ந்து வா. வீட்டுல கஷ்டம். அப்பா ரயில்வே தொழிலாளி. பசி.”

“பசியெல்லாம் இல்ல சார். கேன்டீன் இருந்துச்சு.”

“ஏக்கம்?”

“எதுக்கு சார்?”

“எதுக்கோ. ஃப்ரிட்ஜ் இருந்துதா வீட்டுல?”

“இருந்துச்சு.”

“டிவி?”

“ரெண்டு சார். ஒண்ணு அம்மா சீரியலுக்கு.”

பேராசிரியர் பென்சிலைக் கீழே வைத்தார். இவ்வளவு வசதியாக வளர்ந்த ஒருவன் இப்படித் தன்னைக் கைவிடுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 

“அப்பா உன்னை ஒரு நாளும் பாராட்டினதில்லை. அப்படி வச்சுக்கலாம். ஒரு மெடல்கூட வாங்காத புள்ளை, அடுத்தவன் மெடலைப் பார்க்கறான்.”

“நானும் மெடல் வாங்கியிருக்கேன் சார். எம்.ஏ.ல. நீங்கதானே கைல கொடுத்தீங்க.”

“அதைச் சொல்லாதே.”

உதவிக்கு உட்கார்ந்திருந்த மதுவந்திக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். சமையலறையில் அம்மாவும் பாகீரதியும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சீரியலைவிட நன்னா இருக்கு,” என்றாள் நாகலக்ஷ்மி. அப்படிச் சொன்னாளே தவிர, அவள் முகம் சிரிக்கவில்லை.

அடுத்த சிக்கல், எடுத்த பதக்கம் இப்போது எங்கே என்பது.

“எனக்கு எப்படி சார் தெரியும்?”

“கிடர்பூர்ல வித்துட்டேன்னு சொல்லலாம். வேண்டாம், ஆபாசமா இருக்கு. விக்கறவனை மன்னிச்சா நன்னா வராது.” பேராசிரியர் நாற்காலிகளைச் சுற்றி நடந்தார். நடந்தவர் ஜன்னலோரம் நின்று திரும்பியபோது முகத்தில் ஒளி இருந்தது. “கங்கை! நீ ஹவுராவுக்கு ஃபெரியில போறவன்தானே? குத்த உணர்ச்சி தாங்கலை. நடு ஆத்துல படகு. தண்ணியில தூக்கிப் போட்டுட்டே. வெளிநாட்டுக்காராளுக்குக் கங்கைன்னா ரொம்பப் பிடிக்கும்.”

“மெட்ரோவுலதான் போறேன் சார் இப்பல்லாம். ஆத்துக்கு அடில போகுது.”

“அடியில போனா எப்படிடா போடறது?”

ஜெயந்த் படகுக்கே ஒப்புக்கொண்டான். அன்று மாலைக்குள் ஒப்புதல் வாக்குமூலம் நான்கு பக்கம் ஆனது. எழுதியது பேராசிரியர், தட்டச்சு செய்தது ஜெயந்த். ஓரிடத்தில் பிழை இருந்தது என்று அவனே திருத்தினான். பழக்க தோஷம்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் விருந்தினர்கள் வந்து இறங்கி ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பேராசிரியருக்கு ஒரு குறை தென்பட்டது. வட்டத்தில் கையிலிருந்து கைக்கு ஒரு பொருள் போக வேண்டும். பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்ற நாடுகளில் இறகு, கூழாங்கல் என்று ஏதாவது வைத்துக்கொள்கிறார்கள். நாம் நம்முடையதாக ஒன்று வைக்க வேண்டாமா?

“நாகு, நம்ம கொலுப் பெட்டியைத் திற. மரப்பாச்சி வேணும்.”

நாகலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அதெல்லாம் திறக்கப்படாது. விஜயதசமி அன்னிக்கு ராத்திரி பொம்மையைப் படுக்கப்போட்டு தூங்கப் பண்ணி வச்சாச்சு. இனிமே அடுத்த வருஷம்தான் எழுப்பணும்.”

“பொம்மை தூங்காது, நாகு. தூங்கறதுக்கு முதல்ல முழிச்சிருக்கத் தெரியணும்.”

“உங்க கிளாஸ்ல தூங்கினவாள்ளாம் முழிச்சுண்டிருந்தவாதானா?”

வீட்டில் நடக்கும் பூஜைகளைப் பேராசிரியர் பண்பாட்டு ஆய்வு என்ற முறையில் பொறுத்துக்கொள்வார். சுண்டலை மட்டும் முழு நம்பிக்கையோடு சாப்பிடுவார். பொம்மைகளின் தூக்கத்துக்காகச் சர்வதேச ஆய்வு காத்திருக்க முடியாது என்று அவர் குரலை உயர்த்தியதும், நாகலக்ஷ்மி இடுப்பிலிருந்து சாவியை உருவிக் கட்டிலில் போட்டாள். “பாவம் என்னோடது இல்லை,” என்றாள்.

மதுவந்தி ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். உள்ளே எல்லாம் வங்காளிப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள். எது செட்டியார், எது மரப்பாச்சி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தலை ஆட்டும் பொம்மை ஒன்று எழுந்து, வெளிச்சத்தைப் பார்த்து, எதற்கோ சம்மதம் சொன்னது. 

கூடத்தில் ஜெயந்த் தனியாக, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாக்குமூலத்தை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு பாதி சாத்தியிருந்ததால் அவன் குரல் தெளிவாகவே வந்தது.

“…எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்ல. அதனால எடுத்தேன்…”

அடுத்த பொட்டலம் கனமாக இருந்தது. தாளைப் பிரித்தால் பட்டுத் துணி. துணியை விலக்கினால் சரஸ்வதி. வீணையின் மேல் கை, முகத்தில் எதையும் சொல்லிக்கொள்ளாத புன்னகை. கழுத்தில் காகிதப் பூமாலை. மாலைக்கு அடியில் நீல ரிப்பன். ரிப்பனில் தங்கப் பதக்கம்.



மதுவந்தி ரிப்பனைப் பொம்மையின் தலை வழியாக உருவி எடுத்தாள். பின்புறம் அப்பாவின் பெயரும் வருடமும் இருந்தன. பேராசிரியர் நவராத்திரியின் ஒன்பதாம் நாளை நினைத்துக்கொள்வதை அவர் முகத்தில் படிக்க முடிந்தது. பழைய டிபார்ட்மெண்ட்காரர்கள் சுண்டலுக்கு வந்திருந்தார்கள். நாகலக்ஷ்மி அடுப்படியில் இருந்தாள். மதுவந்தி ஸ்டூடியோவில். படிப்பு சம்பந்தப்பட்டதை எல்லாம் சரஸ்வதி முன்னால் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, அவர் பதக்கத்தை எடுத்துவந்து பொம்மையின் கழுத்தில் மாட்டி, “கலைமகளுக்கே நான்தான் மெடல் கொடுத்திருக்கேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். மறுநாள் நாகலக்ஷ்மி பொம்மையைப் பட்டோடு அப்படியே சுற்றித் தூங்க வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்துபோனவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்திக் கழித்தவர், சரஸ்வதியையும் தன்னையும் அந்த வரிசையில் சேர்க்க மறந்துவிட்டார்.

“நான்தான் மாட்டினேன் போலிருக்கு,” என்றார் பேராசிரியர், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு கட்டிலில், கீரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“…படகு நடு ஆத்துல இருந்துச்சு. கைல மெடல். தண்ணியப் பார்த்தேன். என் முகமே எனக்குத் தெரியல…”

“இந்த இடம் இப்போ நன்னா வர்றது,” என்று பேராசிரியர் தன்னையறியாமல் சொன்னார்.

நாகலக்ஷ்மி அவரைப் பார்த்தாள். “எழுந்து போங்கோ. போய் அந்தப் புள்ளைகிட்ட சொல்லுங்கோ.”

“சொல்றேன். சொல்லாம என்ன. ஆனா யோசிச்சுச் சொல்லணும். மெடல் இங்க இருக்குங்கறதாலயே அவன் எடுக்கலைன்னு ஆயிடாது. எடுத்துட்டுத் திரும்ப வச்சிருக்கலாமே.”

“பூட்டின பெட்டியிலயா? சாவி என் இடுப்புல இருந்துதே.”

“சரி, அதை விடு. எத்தனை கைதிகளோட வாழ்க்கை இந்த அறக்கட்டளைப் பணத்துல இருக்கு தெரியுமா? அந்தப் பக்கம் ஆயிரம் பேர். இந்தப் பக்கம் ஒரு பையனோட ஒரு மணி நேரம்.”

“டிராம் வந்துடுத்து,” என்றாள் மதுவந்தி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “அவனோட மனசையும் பார்க்கணும். ஒரு வாரமா மன்னிக்கப்படறதுக்குத் தயாராயிண்டிருக்கான். நாளைக்கு மன்னிப்பு வரும்னு காத்திண்டிருக்கிறவன்கிட்ட போய், உனக்கு மன்னிப்பே தேவையில்லைன்னா அந்த அதிர்ச்சியை யாரு பார்க்கறது? எப்படியும் நாளைக்குப் புகார் வாபஸ் ஆகப்போறது. பாஸ்போர்ட் வரப்போறது. அவனுக்கு என்ன நஷ்டம்?”

“அவன் அம்மா அவன்கிட்ட பேசறதில்லை பா.”

பேராசிரியர் ஒரு விநாடி நிறுத்தினார். அந்தத் தகவல் நான்கு துறைகளில் எதில் போய் விழுகிறது என்று தேடியதுபோல் இருந்தது.

மதுவந்தி பெட்டியின் ஓரத்தில் மண்டியிட்டபடியே இருந்தாள். பதக்கம் அவள் கையில் சூடேறியிருந்தது. “வட்டத்தை நிறுத்த வேண்டாம் பா,” என்றாள் மெதுவாக. “எல்லாம் அப்படியே நடக்கட்டும். நாற்காலி மட்டும் மாத்திக்கலாம். நீங்க அந்தப் பக்கம் உட்காருங்கோ. நீங்க ஒப்புத்துக்கோங்கோ. ஜெயந்த்-தா மன்னிக்கட்டும். அவாளுக்கு வேண்டியது நிஜக் குத்தம்தானே? இது நிஜம்.”

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். அதை மறுக்க முடியாது. கண்களை மூடினார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்க முயல்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“நான் பாதிக்கப்பட்டவனாத்தானே தயார் பண்ணியிருக்கேன்,” என்றார். “குத்தவாளிக்கு நாலு பக்கம் இருக்கு. அதெல்லாம் எனக்கு மனப்பாடம் இல்லையே.”

நாகலக்ஷ்மி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, அவரைக் கடந்து, வாசற்படியில் போய் நின்றாள். வெளியே போகவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை.

“…அன்னைலேர்ந்து தினமும் அந்த ஆத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்குவேன். என்னை மன்னிச்சிருங்க சார்…”

கூடத்தில் குரல் நின்றது. தாள் புரளும் சத்தம் கேட்டது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் உரக்க, “நான்தான் எடுத்தேன் சார்” என்று ஜெயந்த் ஆரம்பித்தான்.

பேராசிரியர் கட்டிலிலிருந்து இறங்கி மகளின் அருகே தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. மூட்டு சொடக்கிட்டது. திறந்த பெட்டியில் தாள்களுக்கு நடுவே பொம்மைகள் மல்லாந்து கிடந்தன. சரஸ்வதி மட்டும் மதுவந்தியின் மடியில் உட்கார்ந்து வீணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதி சாத்திய கதவை ஒரு முறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலில் தர்க்கமும் இல்லை, அறமும் இல்லை. நாற்பது வருடங்களில் அவர் கற்றதோ கற்பித்ததோ எதுவும் இல்லை. சின்னப் பையன் ஒருவன் அம்மாவிடம் பேசுவதுபோல் இருந்தது.

“மது… கண்ணா… ஒரே ஒரு நாள்தான். நாளைக்கு அவா படம் எடுத்துண்டு கிளம்பற வரைக்கும். அதை மறுபடியும் அவ கழுத்துலயே போட்டு, பட்டுல சுத்தி, தூங்க வச்சுடறியாம்மா?”